ஐந்தாம் இயல்

ஜூன் 3, திங்கள்

செண்பகத்தின் பொது வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை, துறைக் கருத்தரங்கக் கூடத்தில். நயினார் சார் காலையிலேயே போன் செய்து சொல்லிவிட்டாராம். அவளுக்குச் சொன்னார். எனக்கும் அவர்தான் நெறியாளர், நானும் அவர் மாணவன்தான். ஆனால் எனக்குச் செய்தி என் வீட்டு அடுக்களையிலிருந்துதான் கிடைத்தது.

சந்தோஷம்தான். மனைவி முனைவராவதில் எந்தக் கணவனுக்குச் சந்தோஷம் இருக்காது? பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். "அப்போ சார் எப்போ முடிக்கீங்க?" என்று கேட்டார். பால் விற்கிறவருக்கு எதற்கு இந்த விசாரணை? நாளையிலிருந்து வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

சில விஷயங்களை இங்கே எழுதி வைப்பது நல்லது. எங்கள் துறையில் கதைக் கட்டமைப்பை ஆராய முதலில் பதிவு செய்தவன் நான். ஒரு கதையில் என்ன நடக்கிறது என்பது வேறு. அதை யார், எந்த வரிசையில், எங்கே தொடங்கி எங்கே நிறுத்திச் சொல்கிறார்கள் என்பது வேறு. இந்த இரண்டாவதுதான் எங்கள் ஆராய்ச்சி. கல்யாணமான புதிதில் செண்பகத்துக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். குறுக்குத்துறை ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். வாயைப் பிளந்து கேட்டாள். இன்றைக்கு அவள் ஆய்வேடு பைண்டு ஆகி, வெளியூர் அறிஞர்கள் மதிப்பிட்டு, தேர்வுக்கே வந்துவிட்டது. நான் நாவல்களில் காலம் பற்றி இரண்டாம் இயலில் இருக்கிறேன். ஆழமாகப் போகிறவனுக்கு நேரம் ஆகத்தான் செய்யும். முந்திப் பிறந்த காதைப் பிந்தி முளைத்த கொம்பு மறைக்குமாம். மறைக்கட்டும்.

ஜூன் 5, புதன்

இன்று தண்ணீர் விடும் நாள். தொட்டி, குடம், வாளி எல்லாம் நான்தான் நிரப்பினேன். மாவும் நான்தான் ஆட்டினேன். சொல்லிக் காட்டவில்லை, எழுதித்தான் வைக்கிறேன்.

தென்காசிப் பக்கம் ஓர் உதவிபெறும் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு விளம்பரம் வந்திருக்கிறது. தமிழ்த் துறை, கதையியலில் ஆய்வு செய்தவர்களுக்கு முன்னுரிமை. முனைவர் பட்டம் முடித்திருக்க வேண்டும், ஜூலை முதல் வாரத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அந்த விளம்பரத்தைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள் செண்பகம். தண்ணீர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. கதையியல் என்று அவர்கள் கேட்பது யாரை? என்னைத்தான் என்று படித்தவுடன் தோன்றியது. பட்டம் இல்லாதவன் விண்ணப்பிக்கவே முடியாது என்பது அடுத்த வரியில் இருந்தது.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது நிரந்தரமா ஒண்ணு வேணும்ங்க. இன்னும் எத்தன வருசம் மணிக்கணக்கு வாத்தியாராவே ஓட்டுறது?" என்றாள்.

வாஸ்தவம்தான். தேர்வில் ஏதாவது கோளாறாகி, திருத்திக்கொண்டு வா என்று புறத்தேர்வாளர் சொல்லிவிட்டால் இந்த வேலை கைவிட்டுப் போய்விடும். அப்படியெல்லாம் நடக்காது. எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 8, சனி

காலையில் பஸ் ஏறி முக்கூடல் பக்கம் போய்விட்டாள். அவளுக்குக் கதை சொன்ன பீடி சுற்றும் பெண்களைத் தேர்வுக்கு அழைக்க வேண்டுமாம்.

"வண்டில கொண்டு விடுதேன்" என்றேன்.

"வேண்டாம், நான் பஸ்லயே போயிட்டு வாரேன்."

"வெயில் அடிக்கி."

"நீங்க வர வேண்டாம்ங்க."

பிறகு அதையே கொஞ்சம் தணிவாகச் சொன்னாள், ஆனால் முதலில் சொன்னதுதான் மனசில் நிற்கிறது. ஆரம்பத்தில் அவளை அந்த ஊருக்குக் கூட்டிப் போனவன் யார்? வாரா வாரம் வண்டி ஓட்டி, அந்தப் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து, பதிவுக் கருவியைப் பிடித்தவன் யார்? போன வருடம் திடீரென்று, இனி நான் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்கு, "உங்க படிப்பு கெடுதுல்லா" என்றாள். என் படிப்பின் மேல் அப்படி என்ன திடீர் அக்கறை?

பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துறைக்குப் போனேன். ஜெபசிங் இருக்கிறானா என்று பார்க்கத்தான், வேறென்ன. அவளுடைய ஒலிப்பதிவுகளை எழுத்தில் கொண்டுவர உதவியவன் அவன். அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வருவான். இருந்தான். கணினி முன்னால் உட்கார்ந்து யாருடைய ஆய்வேட்டுக்கோ பக்க எண் போட்டுக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே, டீ சொல்லவா?" என்றான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவன் அங்கே இருந்ததில் எதற்கு ஏமாற வேண்டும்? மனசு ஒரு நேரம் போல ஒரு நேரம் இருப்பதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அவளது ஆய்வேட்டின் ஒரு படி மேசையில் கிடக்கிறது. எனக்கென்று பைண்டு செய்தது. ஏப்ரலில் கொடுக்கும்போது, "முழுசும் படிங்க, குறிப்பா அஞ்சாவது இயல்" என்றாள். படித்துவிட்டேன், நன்றாக இருக்கிறது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

இன்று நன்றியுரையை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். நயினார் சாருக்கு ஒரு பத்தி. பேச்சித்தாய் முதலான பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரு பத்தி. ஜெபசிங்குக்கு மூன்று வரி. எனக்கு, "என் இணையர் நம்பிராஜன் அவர்களின் பொறுமைக்கு நன்றி." பொறுமைக்கு! சொல்லிக் கொடுத்ததற்கு இல்லை. பஸ் நிலையத்தில் காத்திருக்கிற பயணிகளுக்குத்தான் அப்படி நன்றி சொல்வார்கள்.

மூன்றாம் இயல் வரைக்கும் படித்ததே போதும் என்று தோன்றுகிறது. மீதி எல்லாம் நான் கூடவே உட்கார்ந்து பார்த்த களம்தானே, எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது? அவளுடைய வாதம் இவ்வளவுதான்: பீடி சுற்றுகிற பெண்கள் சொல்லும் கதைகளுக்கு முடிவு கிடையாது. கை வேலை நிற்கிற இடத்தில் கதையும் நின்றுவிடும். ஆகவே முடிவின்மையே இக்கதைகளின் கட்டமைப்பு. படிக்கும்போது எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

ஜூன் 14, வெள்ளி

கேள்விச் சீட்டுகள் தயாராகின்றன.

பொது வாய்மொழித் தேர்வில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்கமாட்டார்கள் என்பது நடைமுறை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு மணிச் சாப்பாட்டின் மேல்தான் கண். கூடம் வாய் மூடி உட்கார்ந்திருந்தால் நெறியாளருக்கு அவமானம். ஆகவே ஆய்வாளரே நாலைந்து கேள்விகளைச் சீட்டில் எழுதி, தெரிந்தவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அவர்கள் அப்போதுதான் உதித்ததுபோல நெற்றியைச் சுருக்கிக் கேட்பார்கள். இவரும் அப்போதுதான் யோசிப்பதுபோல மேலே பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். நயினார் சார் "அருமையான வினா" என்பார். எல்லாருக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொள்ளமாட்டார்கள். கல்யாண வீட்டு மொய் போலத்தான், இன்றைக்கு நீ எனக்குக் கேள், நாளைக்கு நான் உனக்குக் கேட்கிறேன்.

ஜெபசிங்குக்கு ஒரு சீட்டு. அவனுடைய அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒவ்வொன்று. நூலகருக்கு ஒன்று. அவள் எழுதி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குச் சீட்டு?" என்று சிரித்தாள்.

நூலகருக்குக்கூட உண்டு. ஏழு வருடமாகக் கதைக் கட்டமைப்பில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிற எனக்குக் கிடையாது. புருஷன் எழுந்து கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்திருப்பாள். 'இன்னும் முடிக்காத புருஷன்' என்று ஞாபகம் வந்துவிடுமல்லவா?

ஜூன் 15, சனி

வயிறு எரிகிறது. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்று துணி காயப் போடும்போது அந்த நாள் ஞாபகம் வந்தது. இவ்வளவு நாள் இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

களப்பணியின் ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை. பேச்சித்தாய் மடியில் சுளகுத் தட்டை வைத்து பீடி இலையைச் சுருட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னாள். ஒரு கஞ்சப் புருஷன். அரிசிப் பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, தினமும் ஒரு கைப்பிடி அளந்து கொடுத்துவிட்டுப் போவான். ஒரு நாள் வெளியூர்ச் சந்தைக்குப் போனவன் மழையில் மாட்டி, பல நாள் கழித்துத் திரும்பி வருகிறான். "வந்து கதவத் தட்டுதான்" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"பொறவு?" என்றேன் நான்.

"அம்புட்டுதான்" என்றாள். அன்றைய பீடிக் கட்டு முடிந்துவிட்டதாம், எழுந்து போனாள். செண்பகம் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் ஆய்வேட்டின் அஸ்திவாரமே அந்த 'அம்புட்டுதான்'.

நாங்கள் இருவரும் வெளியே வந்து வண்டியருகே நின்றோம். என் கைக்குட்டையை உள்ளே விட்டுவிட்டேன் என்று நான் மட்டும் திரும்பிப் போனேன். உள்ளே கதை ஓடிக்கொண்டிருந்தது! பேச்சித்தாய் யாருடைய குரலிலோ பேசிக் காட்ட, மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் தலையைக் காட்டியதும் கப்சிப். ஒருத்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

அப்படியென்றால் முடிவு இருக்கிறது! பதிவுக் கருவிக்குப் பயந்துகொண்டு மறைக்கிறார்கள், கருவி போனதும் சொல்கிறார்கள். இது தெரியாமல், 'முடிவின்மையே கட்டமைப்பு' என்று ஓர் ஆய்வேட்டையே எழுதி வைத்திருக்கிறாள் மகாராணி. அஸ்திவாரத்தில் ஓட்டை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். அவள் அப்போது மிகவும் உற்சாகமாக இருந்தாள், அதனால்தான்.

ஜூன் 22, சனி

எனக்கு ஒரு சட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிர் நீலம். "தேர்வுக்குப் போட்டுக்கோங்க, முன் வரிசைல உக்காருங்க" என்றாள். அளவு சரியாக இருந்தது.

கேள்வியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். நீளமாக இருக்கக் கூடாது. நீளமாகக் கேட்டால் அவள் ஏதாவது ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவாள். கடைசியில் இப்படி வந்தது: 'இந்தக் கதைகளுக்கு முடிவு இல்லையா, அல்லது உங்களுக்குச் சொல்லவில்லையா?' அடடா. நானே சொல்லிக்கொள்கிறேன், இந்த ஏழு வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம் இதுதான்.

இது ஆய்வு நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். கணவன், மனைவி என்றெல்லாம் பார்க்கக் கூடாது.

ஜூன் 26, புதன்

புறத்தேர்வாளர் மதுரையிலிருந்து வருகிற பேராசிரியர் ஹபீபாவாம். ஜெபசிங் மாலையில் வீட்டுக்கு வந்து சொன்னான். "அந்தம்மா லேசுப்பட்ட ஆளு இல்லக்கா. போன வருசம் ஒரு இடத்துல, சபைல இருந்து ஒருத்தர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாம போச்சுன்னு, திருத்தி எழுதிட்டு ஆறு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்களாம்."

செண்பகம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, பயமா இருக்குங்க" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது" என்றேன். சாம்பாருக்குக் காய் நறுக்கிக் கொடுத்தேன். சமையல்காரருக்குப் போன் செய்து, நாளைக்கு எத்தனை இலை, பாயாசம் சேமியாவா பருப்பா என்றெல்லாம் நான்தான் பேசி முடித்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க மனசு தராசு போல ஆடியது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். பிறகு ஜெபசிங் கிளம்பும்போது, "அண்ணே, அடுத்து உங்க தேர்வுதான?" என்று கேட்டான். அவன் நல்ல எண்ணத்தில்தான் கேட்டான்.

ஜூன் 27, வியாழன்

எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. நீலச் சட்டையில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். பேச்சித்தாயும் இன்னும் மூன்று பெண்களும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார்கள். செண்பகம் மாம்பழ நிறப் புடவையில் மேடையேறி, நடுங்காமல் பேசினாள். சீட்டுக்காரர்கள் வரிசையாக எழுந்து கேட்டார்கள். ஜெபசிங் நெற்றியைச் சுருக்கியது கொஞ்சம் அதிகம். நயினார் சார் ஒவ்வொன்றுக்கும் "அருமையான வினா" என்றார். ஹபீபா அம்மா கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தார்.

"வேறு யாரேனும்?" என்று நயினார் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் எழுந்தேன். என் கால்களே எழுந்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

கேட்டுவிட்டேன். எழுதி வைத்திருந்த அதே வாக்கியம், ஒரு சொல் பிசகாமல். "இந்தக் கதைகளுக்கு முடிவு இல்லையா, அல்லது உங்களுக்குச் சொல்லவில்லையா?"

ஹபீபா அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். செண்பகம் என்னைப் பார்த்தாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது, அது எனக்குப் புரியவில்லை. பிறகு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மலர்ச்சி போய்விட்டது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு கணம் எனக்கு இனித்தது.

"நன்றி. இந்தக் கேள்விக்காகத்தான் அஞ்சாவது இயலே எழுதினேன்" என்று ஆரம்பித்தாள்.

"முடிவு இல்லன்னுதான் நானும் முதல் நாலு இயல்ல எழுதியிருந்தேன். வேலை நிக்கிற இடத்துல கதையும் நிக்குதுன்னு நம்பினேன். பிறகுதான் ஒண்ணு உறைச்சுது. அந்தப் பதிவு எல்லாத்துலயும் எங்க கூட ஒரு ஆண் உக்காந்திருந்தார். அவர் இல்லாம, நான் மட்டும் தனியா பஸ்ல போய் மறுபடி கேட்டேன். அதே பெண்கள், அதே கதைகள், அதே பதிவுக் கருவி. எல்லாக் கதைக்கும் முடிவு இருந்தது. முன்னாடி ஏன் சொல்லலன்னு கேட்டதுக்குப் பேச்சித்தாய் அக்கா சொன்னாங்க: 'எல்லாக் கதைலயும் கடைசில மாட்டுறவன் புருசன்காரன்தான தாயி? ஒரு ஆம்பளய எதுக்க வச்சிக்கிட்டு அத எப்படிச் சொல்ல?' அதனால முடிவின்மைங்கிறது கதையோட கட்டமைப்பு இல்ல. கேக்கிறவர் யாருங்கிறதப் பொறுத்து கதை தன்னை நிறுத்திக்கிடுது. கதைசொல்லியை மட்டும் ஆராய்ஞ்சா போதாது, எதிர்ல உக்காந்திருக்கிறவரையும் சேர்த்து ஆராயணும். அதுதான் என் ஆய்வோட முடிவு."

கூடம் சிரித்தது. கைதட்டியது. கடைசி வரிசையில் பேச்சித்தாய் சிரித்த சிரிப்பு தனியாகக் கேட்டது. அவள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

ஹபீபா அம்மாவும் சிரித்துவிட்டார். "இதே கேள்வியை நானும் எழுதி வைத்திருந்தேன், அவர் முந்திவிட்டார். ஆமா, ஆய்வேட்டில் 'உடனிருந்த ஆண்' என்று மட்டும்தானே போட்டிருக்கிறீர்கள், யாரும்மா அந்த ஆண்?"

செண்பகம் என் பக்கம் திரும்பவே இல்லை. "வண்டி ஓட்டிட்டு வந்தவர்ம்மா" என்றாள்.

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியுமா?

பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தியில் நயினார் சார் என் தோளில் தட்டினார். "நம்பி, கேள்வி கொடுத்தா இப்படிக் கொடுக்கணும்வே. கடைசிக் கேள்விய வீட்டுக்காரருக்குன்னு எடுத்து வச்சிருக்கா பாருங்க உங்க வீட்டம்மா! எத்தன தடவ ஒத்திகை பார்த்தீங்க?" ஜெபசிங், "நாங்கல்லாம் சும்மா சில்லறை, அண்ணன்தான் சிக்ஸர்" என்றான். ஹபீபா அம்மா கும்பிட்டு, "மனைவியின் ஆய்வை இவ்வளவு உன்னிப்பாகப் படித்த கணவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார்.

எல்லாருக்கும் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

கை கழுவுகிற இடத்தில் பேச்சித்தாய் வந்தாள். "மாப்ள நல்லா இருக்கீயளா? அன்னைக்குக் கைக்குட்டைய எடுக்க வந்தீயள்லா, நாங்க பயந்தே போனோம்" என்றாள். அந்தக் கதையில் கதவைத் தட்டியவன் என்ன ஆனான் என்று கேட்டேன். "அத ஒங்க வீட்டம்மாட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பாயாசம் வாங்கப் போய்விட்டாள்.

இருவரும் வண்டியில் வீட்டுக்கு வந்தோம். உள்ளே வந்து, செண்பகம் தலையிலிருந்த பூவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அஞ்சாவது இயல் படிச்சேன்னு சொன்னீங்கள்லா?"

"படிச்சேனே."

"படிச்சவங்க அதக் கேக்க மாட்டாங்க. கேட்டா எனக்காகத்தான் கேப்பாங்க, நான் பதில் சொல்லி நல்ல பேர் வாங்கணும்னு. நீங்க எந்திரிச்சதும் அப்படித்தான் நினைச்சேன். சந்தோசமா இருந்துச்சு. பிறகு உங்க மூஞ்சியப் பார்த்தேன்."

"நீ என்ன அத்தன பேர் முன்னால டிரைவராக்கிட்டியே" என்றேன். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

"பின்ன, என் வீட்டுக்காரர்தான்னு சொல்லச் சொல்லுதீங்களா? சொல்லியிருந்தா, தன்னப் பத்தின இயலையே படிக்காத புருசன்னு அங்கயே சிரிச்சிருப்பாங்க. அதுக்கு டிரைவர் மேல்" என்றாள்.

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ஜூன் 28, வெள்ளி

மிஞ்சிய சாம்பாரைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம். அவள் மேசையில், நான் அடுக்களையில்.

ஜூலை 3, புதன்

தற்காலிகச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். தபால் நிலையத்துக்கு நான்தான் கொண்டு போனேன். வரிசையில் நிற்கும்போது, இதை அப்படியே சாக்கடையில் போட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. போடவில்லை. விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை அவளிடம் கொடுத்தேன். அந்த நினைப்பு வந்ததையும் எழுதி வைக்கிறேன், இதையாவது ஒளிக்காமல் இருக்கிறேனே.

ஜூலை 14, ஞாயிறு

அவள் நேர்முகத் தேர்வுக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். மேசையில் இருந்த ஆய்வேட்டைத் திறந்து ஐந்தாம் இயலைப் படித்தேன். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

அந்தக் கஞ்சன் கதை முழுக்க இருக்கிறது. அவன் வெளியூர் போனதும் பெண்டாட்டி பெட்டிப் பூட்டை உடைக்கிறாள். புருஷன் செத்துப்போனான் என்று ஊருக்குச் சொல்லி, இருந்த அரிசியையெல்லாம் பொங்கி, பதினாறாம் நாள் சாப்பாடு போடுகிறாள். ஊரே வந்து தின்றுவிட்டுப் போகிறது. இவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். "யாரு?" "நாந்தான் ஒம் புருசன்." "எம் புருசன் செத்துப் பதினாறும் முடிஞ்சாச்சே." தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்கிறான். "ஆமா, நல்ல சாப்பாடு, நாங்கூடச் சாப்பிட்டேன்" என்கிறார்கள். "அப்போ நான் யாரு?" என்று கேட்கிறான். அவன் இன்னும் அந்தத் தெருவில் அதையே கேட்டுக்கொண்டு திரிவதாகப் பேச்சித்தாய் முடிக்கிறாள்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு செண்பகம் செய்திருக்கிற ஆராய்ச்சி இருக்கிறதே! எந்த இடத்தில் பெண்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள், 'உடனிருந்த ஆண்' அசையும்போது எந்த வாக்கியம் பாதியில் திரும்புகிறது, அவன் 'பொறவு' என்று கேட்கும் ஒவ்வொரு தடவையும் கதை எப்படிச் சுருங்குகிறது என்று வரி வரியாகக் காட்டியிருக்கிறாள். அந்த ஆணைப் பற்றி ஒரு சொல்கூட இளக்காரமாக இல்லை. 'அவர் ஆர்வத்துடன் கேட்டார். அந்த ஆர்வத்தில் பொய் இல்லை' என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறாள். அங்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொறாமையாக இருக்கிறது. இனி மறைத்து என்ன பயன்? உடம்பு முழுக்கப் பொறாமையாக இருக்கிறது. நான் படித்த கதையியலில் இதைப் போல ஓர் இயலை இங்கே யாரும் எழுதியதில்லை, நானும் எழுதப்போவதில்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டும். 'படித்தேன், மிக நன்றாக இருக்கிறது' என்று நாலே சொல். வந்ததும் சொல்லிவிடுகிறேன்.

(பிறகு) வந்தாள். இரண்டு புடவையையும் காட்டி எது நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். பச்சை என்றேன்.

ஜூலை 25, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். அவள் அம்மா போனில் அழுதார்கள். நான் கேசரி கிண்டினேன், அடி பிடித்துவிட்டது. இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையில் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள். லேசாகச் சாரல் அடித்தது. வண்டியில் போகும்போதே வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். பஸ் ஏறும்முன் சொல்லிவிடுவது, அவ்வளவுதான்.

அங்கே அதே கல்லூரிக்குப் போகிற ஒருவர் வந்து சேர்ந்தார். "வாங்க மேடம், நீங்கதான புதுசா வந்திருக்கிற டாக்டர் செண்பகவல்லி?" என்றார். என்னைக் காட்டி, "சார்?" என்றார்.

"என் வீட்டுக்காரர். இவங்களும் இதே துறைலதான் ஆராய்ச்சி பண்ணுதாங்க" என்றாள் செண்பகம். பெருமையாகத்தான் சொன்னாள்.

"அப்படியா, எத்தனாவது வருசம் சார்?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் இடம் பிடிக்க ஓடினார். செண்பகம் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, அஞ்சாவது இயல் இப்பமாவது படிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. நேரமே கிடைக்கல" என்றேன்.

"சரி, இருக்கட்டும். நீங்க படிப்பீங்கன்னு நானும் நினைக்கல" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, எனக்குக் கையை ஆட்டினாள். பஸ் கிளம்பிவிட்டது.